வளவில் கட்டிய தொட்டில்

பேருந்து நிலையத்துக்கு எதிரில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு வீட்டு புரோக்கர் இளம் கணவன் மனைவி இருவரிடம், இந்த வாடகைக்குக் காரைக்குடியில் மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் சட்டைப்பையில் எங்கள் பூர்வீக வீட்டுச் சாவி இருந்தது. வருஷத்தில் பத்து நாள்கூடத் திறக்காத வீடு. டீ ஆறுவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

அப்போது எனக்கு எதிலும் அவசரம். வீட்டிலிருந்தே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை. மிச்ச நேரமெல்லாம் வாடகை வருமானம் பற்றிய வீடியோக்கள். அவற்றில் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். சுவரைப் பார்க்குமுன் தண்ணீரைப் பார்த்தேன், மோட்டாரை மாற்றினேன். கரண்டுக்குத் தனி மீட்டர், பின்கட்டில் புதுக் குளியலறை, பதினோரு மாத ஒப்பந்தம். வீடியோவில் சொல்லாத ஒன்றை நானாகத் தெரிந்துகொண்டேன். பழைய வீட்டில் கொத்தனார் எத்தனை நாள் கேட்கிறாரோ, அதை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

வீடு நாலு பங்காளிகளுக்குச் சொந்தம். நடுவில் வானம் தெரியும் வளவு, அதைச் சுற்றி அறைகள். அவற்றில் கிழக்குப் பக்கத்து இரண்டு எங்களுடையவை. மற்ற மூவரும் வெளியூர். அறைகளை வாடகைக்கு விடப்போவதாகப் பங்காளிகளின் வாட்சப் குழுவில் போட்டேன். மூன்று கட்டைவிரல்கள் வந்தன. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

டீக்கடையில் பார்த்த அதே இருவர் குடிவந்தார்கள். கணவர் பிள்ளையார்பட்டிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டினார். அந்தப் பெண் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். வாடகை ஒரு மாதம்கூடத் தவறவில்லை. குடிவந்த எட்டாவது மாதம் பெண் குழந்தை பிறந்தது. அறைக்குள் காற்று இல்லையென்று வளவின் ஓரத்தில், உத்தரத்துக் கொக்கியில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டவன் நான்தான்.

குழந்தைக்கு ஆறு நாள் ஆகியிருந்தபோது குழுவில் செய்தி வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை படைப்பு. முன்னோர்களுக்குப் புதுத்துணி வைத்து, இலை போட்டு, பங்காளிகள் எல்லோரும் கூடிக் கும்பிடுவது. அது அந்த வளவில்தான் நடக்கும். கூடவே ஒரு போனும் வந்தது. மூத்த பங்காளி, எனக்குப் பெரியப்பா முறை. குழந்தை பிறந்தது அவர் காதுக்கு எப்படியோ போயிருந்தது. பிரசவத் தீட்டு உள்ள வீட்டில் எப்படி விளக்கேற்றுவது என்று கேட்டார். அவர்கள் நம் ஆட்கள் இல்லையே, அந்தத் தீட்டு நம்மை என்ன செய்யும் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நீ வாடகைக்கு விட்டது ஒன் ரூமை. வளவ யாரக் கேட்டு விட்டே?"

போனை வைத்துவிட்டு ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். ஆணி அடிக்கக் கூடாது என்றுகூட இருந்தது. வளவு என்ற சொல்லே இல்லை. காலி செய்ய ஒரு மாத அவகாசம் என்று நானே எழுதியிருந்தேன். மறுநாள் போய், நாலு நாளில் காலி செய்யச் சொன்னேன். லாட்ஜில் அறை போட்டுத் தருகிறேன் என்றேன். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிரசவம் பார்க்கச் சிங்கம்புணரியிலிருந்து வந்திருந்த அவள் அம்மாதான் கேட்டார்.

"ஏந்தம்பி, இவ கூட்டிப் பெருக்குனப்பல்லாம் இது வீடு. பிள்ளை பெத்ததும் கோயிலாயிருச்சாக்கும்?"

வியாழக்கிழமை, கணவரின் வேனிலேயே சாமான்களை ஏற்றிக்கொண்டு சிங்கம்புணரிக்குப் போனார்கள். ஒரே அறை உள்ள வீடு அது. இடமில்லாததால்தான் அந்த அம்மா இங்கே வந்திருந்தார். அட்வான்ஸை முழுதாகக் கொடுத்தேன். கணவர் எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டார். உள்ளே போய்ப் பார்த்தேன். அறைகளைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை படைப்பு நடந்தது. தீட்டுக் கழியப் புண்ணியதானம் செய்தார்கள், இலை போட்டார்கள். நானும் விழுந்து கும்பிட்டேன், சாப்பிட்டேன். பாயசம் நன்றாக இருக்கிறதா என்று யாரோ கேட்டார்கள். இருக்கிறது என்றேன். தொட்டில் இருந்த கொக்கியின் கீழே ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை. குளிர்ந்த தரையில் வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அது மாதிரி.

மூன்று வாரம் கழித்து ஒரு தாள் எழுதியிருக்கிறேன். குடியிருப்பவர் வளவில் புழங்கலாம். அவர்கள் வீட்டில் பிறப்போ இறப்போ நேர்ந்தால், அந்த வருஷப் படைப்புக்கு வேறு இடமும் அதன் செலவும் என் பொறுப்பு. கீழே நாலு கையெழுத்துக்கு இடம். கட்டைவிரல் செல்லாது.

மூத்தவர் நாளை குன்றக்குடிக்குச் சாமி கும்பிட வருகிறார். முதலில் அவரிடம் நீட்டப்போகிறேன். நாலும் விழுந்தால் அடுத்த பஸ் சிங்கம்புணரிக்கு. அங்கே அந்த அம்மாதான் கதவைத் திறப்பார்.