கேட்காமல் வந்த ஐந்தாவது வரி

காலை மணி பத்து நாற்பத்திரண்டு. லேப்டாப் திரையில் நான் கேட்காத ஒரு வரி இருந்தது.

பேய், சகுனம் எதையும் நம்பியவன் இல்லை நான். நீங்களும் நம்ப வேண்டாம், பார்த்ததை மட்டும் சொல்கிறேன். திருத்தணி பக்கம் கே.ஜி.கண்டிகையில் ஒரு பால் குளிரூட்டும் நிலையம். அங்கே பெரிய தொட்டிக்குள் பாலைக் கலக்க ஒரு இறக்கை உண்டு. ஆள் உள்ளே இறங்கித்தான் தொட்டியைக் கழுவுவார்கள். அப்போது இறக்கை சுழன்றால் பிழைப்பதற்கு வழியில்லை.

அதைத் தானாக இயக்கும் புரோகிராம் என் பொறுப்பு. இப்போதெல்லாம் கையால் எழுதுவதில்லை. என்ன நடக்க வேண்டும் என்று தமிழில் சொன்னால் மென்பொருளே எழுதிவிடுகிறது. நான் சொன்னது நான்கு வரி. ஐந்தாவதாக ஒன்று வந்தது: சுழலும் முன் ஹாரன் மூன்று முறை, சற்று விட்டு ஒரு முறை, பிறகு நாற்பத்துமூன்று விநாடி காத்திருக்க வேண்டும்.

அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னேன். மறுபடியும் வந்தது.

ஆபரேட்டர் ஏழுமலை எட்டிப் பார்த்தான்.

"சார், இது எங்க நைனா பண்றதாச்சே! ஸ்பேனரால தொட்டிய மூணு தட்டு, நின்னு இன்னொண்ணு. அப்புறம் நாப்பத்துமூணு எண்ணுவாரு."

"அது என்ன கணக்கு?"

"அவரு முட்டி வலியோட தொட்டிக்குள்ள இருந்து ஏணி ஏறி வெளிய வர அவ்ளோ நேரம் ஆகும், சார்."

அவன் அப்பாவும் அங்கேதான் ஆபரேட்டர். இறந்து இரண்டு வருடம். இந்த வழக்கத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. என் சந்தேகம் ஏழுமலை மீதே விழுந்தது.

"நான் வெளியே போனப்ப லேப்டாப்புல கை வெச்சியா?"

"எனக்கு வாட்ஸப்பே தகராறு, சார். இதுல நான் எங்க கை வெக்கறது?"

நம்பவில்லை. ஓட்டிக் காட்டி அவன் முகத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். தொட்டி கழுவுபவன் தசரதன், ஏழுமலை மனைவியின் தம்பி. அவன் எங்கே என்று கேட்டேன்.

"ஆங், டீக்கடைக்குப் போய்க்கீறான்."

தொட்டிக்குள் எட்டிப் பார்க்காமலே பொத்தானை அழுத்தினேன். அது என் தவறு.

திரையில் ஹாரன் குறி மூன்று முறை மினுங்கியது. நின்று இன்னொரு முறை. பிறகு விநாடிகள் ஓடின. முப்பதைத் தாண்டியபோது தொட்டியின் வாயில் ஒரு கை தெரிந்தது. தசரதன் பிரஷ்ஷோடு ஏறி வெளியே வந்தான். அவன் கால் தரையில் படவும் உள்ளே இறக்கை சுழலவும் சரியாக இருந்தது.

"இன்னா பாவா, ஒரு குரல் குடுத்தா வர மாட்டனா? உங்க நைனா மாதிரியே தட்டிக்கினு! காதே போச்சு!"

ஏழுமலை என் பக்கத்திலேயேதான் நின்றிருந்தான். இரண்டு கையும் வெறுங்கை. தட்டிய சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

அந்த நிலையத்தில் ஹாரன் பொருத்தியதே அடுத்த வாரம்தான்.