என் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது

மல்லேஸ்வரத்தில், காற்றாலைக் கம்பெனிகள் சேர்ந்து நடத்துகிற சங்கத்து ஆபீசில் பதினாறு வருஷம் அட்டெண்டராக இருந்தேன். காபி, ஃபைல், ஸ்டோர் ரூம் சாவி மூன்றும் என் பொறுப்பு. என் வேலையில் ஒருத்தரும் குறை சொன்னதில்லை. இன்னும் ஆறாத ஒரு கோபம் இருக்கிறது. எழுத்துக் கூட்டி அதை எழுதுகிறேன்.

அன்று சித்ரதுர்கா பக்கத்திலிருந்து விவசாயம் பார்க்கிற ஒரு பெண் வந்தாள். காற்றாலைக்குப் போட்ட மண்பாதை மழைத்தண்ணீரை மறித்து, அவள் சோளக்காடு அழுகுகிறதாம். கம்பெனி காது கொடுக்கவில்லை, சங்கமாவது கேட்கட்டும் என்று பஸ் ஏறி வந்திருந்தாள்.

மேனேஜர் அவளை நிற்க வைத்தே பேசினார். காலையில்தான் அச்சாகி வந்த சங்கத்துப் புத்தகத்தை விரித்து, அதில் ஒரு படத்தைக் காட்டி, இந்தம்மாவும் உங்கள் பக்கத்து விவசாயிதான், காற்றாலை வந்து நிலம் செழித்தது என்கிறார், உனக்கு மட்டும் என்ன என்று கன்னடத்தில் கேட்டார்.

நான் காபித் தட்டோடு நின்றேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இது நீங்கள்தானே அக்கா என்றாள்.

நான்தான். போன மாதம் படம் பிடிக்க வந்தவர், வெளிச்சம் பார்க்கணும் என்று காற்றாலை பேனர் முன்னால் என்னை நிறுத்தினார். நான் பிறந்து வளர்ந்தது இதே டவுனில், ஜோகுபாளையம். பூந்தொட்டி அளவு மண்கூட எனக்குக் கிடையாது. பதினாறு வருஷம் என் கையால் காபி குடித்த மனுஷருக்கு, படத்தில் இருப்பது நான் என்று தெரியவில்லை.

“சார், என் நிலம் எங்க இருக்குதுன்னு சொல்லுங்க. ஒரு தபா போய்ப் பாத்துட்டு வரேன்.”

“சும்மா டிசைனுக்குப் போட்டதும்மா. இதுக்குப் போயி…”

“டிசைனா? இந்தம்மா சொல்றது பொய்யின்னு என்னை சாட்சி நிக்க வச்சிருக்கீங்க.”

மறுநாள் சங்கத்து மாநாட்டுக்குப் போக வேண்டிய அந்தப் புத்தகக் கட்டுகள் ஸ்டோர் ரூமில் இருந்தன. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவளை உட்கார வைத்துப் புகாரை எழுதி வாங்கி, சீல் வைத்த நகல் கொடுக்கணும். எல்லாப் புத்தகத்திலும் என் பக்கத்தைக் கிழிக்கணும். இதுக்கு ஒத்துக்கொண்டால்தான் கதவு திறக்கும் என்றேன். வேலை போய்விடும் என்றார். போகட்டும் என்றேன்.

சாயங்காலம் வரை மேனேஜரே உட்கார்ந்து கிழித்தார். அவள் காட்டில் தண்ணீர் வடிந்ததா, தெரியாது. சீல் வைத்த காகிதம் அவள் பைக்குள் போனதை மட்டும் பார்த்தேன்.

ஆபீஸ் வேலைக்கு வருகிற பெண்களே, யாராவது படம் பிடிக்க வந்தால் நில்லுங்கள், தப்பில்லை. கீழே என்ன எழுதப்போகிறார்கள் என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் சிரிக்கலாம்.