புளி போட்டுத் தேய்த்த விளக்குகள்

எனக்குத் தெரிந்து சித்தப்பா ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதற்காக நான் அவரோடு நொம்ப நாள் பேசவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தலைச்சோலையில் எங்கள் ஊடும் சித்தப்பா ஊடும் ஒட்டினாற்போல இருந்தன. ஏற்காட்டு ஓட்டல்களில் நடக்கும் கல்யாணங்களுக்குப் பழைய சாமான்களை வைத்து அலங்காரம் செய்கிற ஒரு மேடத்திடம் அவருக்கு வேலை. பித்தளை உருளி, ரேடியோப் பெட்டி, சாய்வு நாற்காலி என்று எதையும் கீறல் படாமல் ஏற்றி இறக்குவார். எஸ்டேட்டில் மூட்டை தூக்கி முதுகு போனவருக்கு இது சாமி கொடுத்த வேலை என்று அம்மா சொல்லும்.

ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஐந்து குத்துவிளக்குகளைக் கொண்டுவந்து அவர் ஊட்டில் இறக்கினார்கள். யாரோ பெரிய வீட்டாரிடம் மேடம் இரவல் வாங்கியவை. கன்னங்கரேலென்று, இடுக்கெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கைத் தேய்த்துப் பொட்டு வைக்கிற ஊடு எங்களுடையது. கல்யாணத்தில் ஏற்றுகிற விளக்கு இப்படியா இருப்பது?

மறுநாள் காலையில் சித்தப்பா வேனைக் கூட்டிவரப் போயிருந்தார். புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விரலெல்லாம் எரிந்தது. ஐந்தும் தங்கமாய் மின்னிய பிறகு மஞ்சளும் குங்குமமும் வைத்தேன்.

உச்சிப்பொழுதில் வேனிலிருந்து மேடமும் இறங்கினார். கத்தவில்லை. ஒரு விளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"யாருங்க இதைத் தேய்ச்சது?"

பாராட்டப் போகிறார் என்று வாயைத் திறந்தேன். சித்தப்பா என் புளிக்கையைப் பார்த்தார்.

"நான்தானுங்க மேடம். அழுக்கா இருக்குதேன்னு..." என்றவர், என் பக்கம் திரும்பி, "கண்ணு, போயி மோரு கொண்டா, போ" என்றார்.

மோரோடு வந்தபோது வேனும் இல்லை, விளக்குகளும் இல்லை. சித்தப்பா மட்டும் படியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் தேய்ச்சதை நீங்க தேய்ச்சதாச் சொல்லிட்டீங்களே! பொய்யி!"

"ஆமா சாமி. பேரு வாங்கலாம்னு ஆசைப்பட்டுட்டேன்." ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க அம்மிணி, மோருக்கு உப்பு போட மாட்டீங்களா?"

நான் சிரிக்கவில்லை. சாயங்காலம் விளக்கு முன்னால் நின்று, சித்தப்பா என் பேரைத் திருடிவிட்டார், நீயே கேள் என்று சாமியிடம் முறையிட்டேன்.

பழசு என்று காட்டும் அந்தக் கறுப்புக்காகத்தான் அந்த விளக்குகளைத் தேடி வாங்கினார்களாம். போன கறுப்பு திரும்ப வர ஒரு தலைமுறை ஆகுமாம். விளக்குகளின் சொந்தக்காரருக்குப் பதில் சொல்ல முடியாமல் மேடம் சித்தப்பாவை அன்றைக்கே நிறுத்திவிட்டாராம். நான்தான் என்று தெரிந்தால் அப்பா என் தோலை உரித்திருப்பார். இதையெல்லாம் எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் அம்மா சொன்னது. சித்தப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

விளக்குகள் போன அடுத்த வாரமே சித்தப்பா செம்மநத்தம் பக்கம் ஓர் எஸ்டேட்டுக்கு மறுபடி காப்பி மூட்டை தூக்கப் போனார். முதுகைப் பிடித்தபடி எங்கள் வாசலைத் தாண்டும்போது "அம்மிணீ" என்று கூப்பிடுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பொய் சொன்னவரைச் சாமி தண்டித்துவிட்டது என்று நம்பி, அந்த வெள்ளிக்கிழமை விளக்குக்கு ஒரு பூ கூடுதலாக வைத்தேன்.