இடது தோளுக்குப் பின்னால் ஒரு பேசின்

நீலப் பிளாஸ்டிக் பேசின். விளிம்பில் பீடி சுட்ட கறுப்புத் தழும்புகள் நாலைந்து இருக்கும். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய முதியோர் இல்லத்தில் நான் நர்சாக இருந்தபோது வாங்கியது. அந்தக் கட்டடத்தில் நெருப்பை அணைக்க உருப்படியாக இருந்த ஒரே பொருள் அதுதான்.

உப்பளத்துத் தாத்தா என்று நாங்கள் கூப்பிட்ட பெரியவருக்காக வாங்கினேன். நாற்பது வருஷம் பாத்தியில் நின்று உப்பு வாரியவர். கடைசி இழுப்பு முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் பீடியை இடது தோளுக்குப் பின்னால் சுண்டிவிடுவார். உப்பளத்தில் எந்தப் பக்கம் எறிந்தாலும் தண்ணீர். இங்கே பின்னால் மெத்தை இருக்கிறது என்று அந்தக் கைக்கு யார் சொல்வது? காய்த்துப்போன விரல்களுக்குச் சூடும் உறைக்காது. அதனால் மூன்று வேளையும் அவரை வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரவைத்து, பின்னால் பேசினில் தண்ணீர் வைத்து, பீடி அணையும்வரை கூடவே நிற்பேன். தீப்பெட்டி என் பையில் இருக்கும். "நான் எங்க போட்டாலும் கரெக்டா புடிக்கிற பாரும்மா" என்று சிரிப்பார்.

எங்கள் மேனேஜருக்கு அது பொறுக்கவில்லை. சட்டை மடிப்பில் இருந்த கவனத்தில் கால்வாசிகூட மனிதர்கள்மேல் இல்லாத ஆள். "இன்ஸ்பெக்‌ஷன் வர்றாங்க. இது ஹோமா, டீக்கடையா? எல்லாத்தையும் எடுங்க சிஸ்டர்" என்றார். பெஞ்சும் பேசினும் போயின. வாசலில் 'புகை பிடிக்கக் கூடாது' என்று ஆளுயரப் பலகை வந்தது. தாத்தாவுக்கு எழுத்தே தெரியாது. அதைக்கூட அறியாத மகா புத்திசாலி எங்கள் மேனேஜர்!

"சார், வெளிய விடலேன்னா உள்ள ஒளிஞ்சி புடிப்பாரு."

"அதான் போர்டு வெச்சாச்சில்ல, அப்புறம் இன்னா?"

தினமும் நோட்டில் 'புகைப்பவர் யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். வேலை போய்விடுமே என்று பயந்து போட்டேன். அந்தக் கையெழுத்தை நினைத்தால் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

பலகை வைத்த ஒன்பதாம் நாள் மதியம், வாட்ச்மேனிடம் கெஞ்சிப் பீடியும் தீப்பெட்டியும் வாங்கிய தாத்தா, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து புகைத்தார். வழக்கம்போலப் பின்னால் சுண்டிவிட்டு, அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டார். தேங்காய்நார் மெத்தை உள்ளுக்குள்ளேயே கனன்று பற்றிக்கொண்டது. நான் ஓடிப்போய் இழுத்தபோது முதுகெல்லாம் வெந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கண் திறந்து, "ஏம்மா, பேசின எங்க வெச்சே?" என்று கேட்டார். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

அழுதுகொண்டு வந்த மகளிடம் மேனேஜர் அந்த நோட்டைத்தான் விரித்துக் காட்டினார். "பாருங்க, நாங்க செக் பண்ணிக்கிட்டேதான் இருந்தோம்." வெட்கங்கெட்ட ஜென்மம்!

போன மாதம் அனுபவச் சான்றிதழ் வாங்க அங்கே போயிருந்தேன். வாசலில் பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மேனேஜர் அறையில் ஏசி ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் கீழே, அதே நீலப் பேசின். தரைவிரிப்பு நனைந்துவிடக் கூடாதாம். ஒரு சொட்டு வெளியே சிந்தாதபடி பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்.