மேசைக்காலுக்கு அடியில் கிடந்த கார்டு

பழைய கிரிக்கெட் கார்டுகளை நான் ஆன்லைனில் விற்று வருகிறேன். சாத்தான்குளத்துக்காரர் ஒருவருக்கு அரிய கார்டு ஒன்றைத் தபாலில் அனுப்பியிருந்தேன். கவர் போய்ச் சேர்ந்ததும் அவர் போன் செய்தார்.

"அண்ணாச்சி, உள்ள வெறும் அட்டதான் இருக்கு. கார்டக் காணோம்."

ஏமாற்றுக்காரன் என்று பெயர் வந்துவிடுமே என்று பதறி, அன்றைக்கே பஸ் ஏறினேன். கார்டு வாங்கியவர் துபாயில் வேலை பார்த்துத் திரும்பிய மனிதர். கோபப்படாமல் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"அந்த அட்டய எங்க போட்டிய?" என்றேன்.

ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்திருந்தார். உருவி எடுத்து, ஓரத்து டேப்பை மெதுவாகப் பிரித்தேன். வளையாமல் இருக்க நான் சேர்த்து ஒட்டிய இரண்டு அட்டைகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் உறைக்குள் கார்டு பத்திரமாக இருந்தது.

"அல்லாவே! நான் ஒரே அட்டன்னுல்லா நெனச்சேன்" என்று அவர் சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.