கண்ணை மட்டும் மறைக்கும் துணி

போன ஞாயிறு மதியம் டிவியில் அந்தப் பழைய வெள்ளைக்காரத் தொடர். கறுப்பு வெள்ளைதான், ஆனால் இப்போது தமிழில் பேசுகிறார்கள். குதிரை, பெரிய தொப்பி, கண்ணை மட்டும் மறைக்கும் துணி முகமூடி... நிலத்தைப் பிடுங்க வந்த ரவுடிகளை அடித்து விரட்டிவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விடுவான் ஹீரோ. எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அன்று மூன்று மணி வரை பிடித்தது.

மூன்று மணிக்குப் பஞ்சவர்ணம் அக்கா வந்தாள். என் பெரியப்பா மகள். நயினார்கோவில் பக்கம் ஒரு கிராமம். ஒன்றரை ஏக்கர் நெல், கண்மாய்த் தண்ணீரை நம்பி.

கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தாள்.

"ஏந்தம்பி, மூக்கு தெரியிது, வாயி தெரியிது, குரலும் அதே குரலு. ஊர்க்காரவுகளுக்கு இவன் யாருன்னு தெரியாமலா இருக்கும்?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கும் அது மாதிரி ஒன்னு வாங்கிக் குடுப்பா."

விஷயம் இதுதான். அவள் ஊர்க் கண்மாயில் ஒரு கான்ட்ராக்டர் மண் அள்ளுகிறார். அனுமதித்த ஆழத்தைத் தாண்டி, மடையை ஒட்டியே தோண்டிவிட்டார். மடையை விடப் பள்ளமாகிவிட்டால் என்ன ஆகும்? மழை பெய்தாலும் தண்ணீர் குழியில்தான் கிடக்கும். வயலுக்கு வராது.

ஊர் கூடி மனுப் போட்டது. மொட்டை மனு. 'இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்' — அவ்வளவுதான், ஒரு பேர் கிடையாது. நம் பக்கத்து வழக்கம் தெரியாதா? டீக்கடையில் எல்லோரும் சிங்கம். பேப்பரில் ஒருத்தரும் இருக்க மாட்டோம். பேர் இல்லாத மனுவை விசாரிக்க மாட்டோம் என்று ஆபீஸில் ஓரமாகப் போட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான், இந்த ஞாயிறுக்கு முந்தின வாரம், அக்கா முதல் தடவை என்னிடம் வந்தாள். நான் மனு எழுதிக் கொடுத்தேன். எழுத்தாளன் அல்லவா, நன்றாகவே எழுதினேன். கீழே அவள் பேர், அவள் ஊர், அவள் செல் நம்பர், அவள் கையெழுத்து. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை கான்ட்ராக்டர் அவள் வாசலில் நிற்கிறார். அவர் போனில் அந்த மனுவின் போட்டோ.

"ஏத்தா, எம்மேல பெட்டிசன் போடுற அளவுக்கு ஆளாயிட்டியோ? ஒம் மக டவுன் பஸ்லதான காலேஜுக்குப் போகுது?"

ஒரே நாள். மண்ணைப் பார்க்க வராத ஆபீஸிலிருந்து மனு மட்டும் ஒரே நாளில் அவர் போனுக்குப் போயிருக்கிறது. யார் அனுப்பியது? வயிறு எரிகிறது எனக்கு. ஊர்க்காரர்கள் என்ன சொன்னார்களாம் தெரியுமா? "ஒன்னைய யாரு பேரப் போடச் சொன்னது?"

அதே கான்ட்ராக்டரின் முகம் அவள் ஊர் பஸ் ஸ்டாப்பில் பத்தடி ஃப்ளெக்ஸில் கைகூப்பிச் சிரிக்கிறது. கண்மாயை நாசம் பண்ணியவருக்கு ஒளிய வேண்டிய அவசியமே இல்லை. நியாயம் கேட்டவள் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் உட்கார்ந்து முகமூடி கேட்கிறாள். தூ... இதெல்லாம் ஒரு பிழைப்பா?

"வாபஸ் வாங்கப் போறியாக்கா?" என்று கேட்டேன்.

"வாங்க மாட்டேன். வயக்காடு என்னாகும்? மகள மட்டும் ரெண்டு வாரம் ஒங்க வீட்ல விட்டுட்டுப் போறேன்." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "மனுவ யாரு எழுதிக் குடுத்ததுன்னு கேட்டாரு தம்பி. தெரியாதுன்னுட்டேன்."

அதைக் கேட்டதும் எனக்கு 'அப்பாடா' என்றிருந்தது. ஆமாம், நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவள் பேரை எழுதிய அதே பேனாவால் பக்கத்தில் என் பேரையும் எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கான்ட்ராக்டர் சார், அந்த மனுவை எழுதியது நான்தான். பத்திரிகையில் இந்தப் பத்திக்கு மேலே என் பேரும் போட்டோவும் இருக்கிறது, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.