கண்ணு கெட்டுப் போகும்டா

இன்று காலை அம்மாவைப் பசியாற வெளியே அழைத்துப் போனேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம், ரொட்டி சானாய் கடை.

ரொட்டியைப் பிய்த்து, குழம்பில் நனைத்து, அம்மாவின் கையில் வைத்தேன். தட்டு எங்கே இருக்கிறது என்பதே அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

எதிர் மாடியில்தான் எண்பதுகளில் வீடியோ கேம் கடை இருந்தது.

"ஸ்கூல் விட்டதும் இங்கதாம்மா ஓடி வருவேன்."

"தெரியும் லா. எத்தனை தடவை காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கேன்."

அப்போது அம்மாவுக்கு பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் ஃபேக்டரி வேலை. நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்ட வேண்டும். ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்து திட்டுவார்.

"இதையே பாத்துக்கிட்டு இருந்தா கண்ணு கெட்டுப் போகும்டா."

அந்தக் கடையில் நான் ஆடிய பழைய கேமைக் கைப்பேசியில் தேடிக் காட்டினேன். மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது. நீயே சொல்லு."

விண்கலங்கள் வரிசையாக இறங்குவதையும், கீழிருந்து நான் சுட்டதையும் சொன்னேன்.

"நாங்க ஒட்டுறதெல்லாம் கேம் மிஷினுக்குத்தான் போவுதுன்னு சூப்பர்வைசர் சொல்லுவாரு. அன்னைக்கே ஒரு நிமிஷம் நின்னு பாத்திருக்கலாம்."

அடுத்த துண்டு ரொட்டிக்குக் கையை நீட்டினார்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இன்னும் கண்ணாடி போடவில்லை.

உங்களில் யாருடைய அம்மாவெல்லாம் அந்த ஃபேக்டரி பஸ்ஸில் போனார்கள்? இப்போது அவர்களுக்குக் கண் எவ்வளவு தெரிகிறது?